வளரும் பள்ளியும் தற்காலிக வகுப்பறையும்

பள்ளியில் மாணவர் தொகை பெருகுவது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஆயினும் அம்மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உடன்வருகிறது. வந்து சேரும் பிள்ளைகளை எங்கே அமர்த்துவது? முதலில் நூலக அறை வகுப்பறையாகிறது. பின்னர்ச் சிற்றுண்டிச்சாலையின் ஒரு பகுதி பலகைத் தட்டியால் மறைக்கப்பட்டு வகுப்பறையாகிறது. அதுவும் போதாதபோது, "திடலோரத்தில் ஒரு கொட்டகை போட்டுவிட்டால் என்ன?" என்ற கேள்வி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுகிறது.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை காணுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள. நில உரிமை, திட்ட அனுமதி, கட்டட அனுமதி, கல்வி இலாகாவின் ஒப்புதல் ஆகியவை பற்றித் தோட்டத்துப் பெற்றோர் அறிந்திருந்தால், நல்லெண்ணத்தோடு தொடங்கிய பணி நடுவழியில் நின்றுபோகாமல் காக்கலாம். அவற்றை முறையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டப் பள்ளி வளர்வது எவ்வாறு?

1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று நிர்வாகங்களைப் பணித்தது. அன்று எழுந்த பள்ளிகள் பலவும் ஒரு தோட்டத்தின் லயத்துப் பிள்ளைகளுக்கென்றே கட்டப்பட்டவை. நாடு விடுதலை பெற்ற 1957 இல் தமிழ்ப்பள்ளிகள் 888 இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 530 ஆகும்.

பள்ளிகள் குறைந்த கதையை நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால் மரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்ப் பனையும் வீடமைப்பும் வந்தன, குடும்பங்கள் நகரங்களை நோக்கிச் சென்றன. ஆனால் இதே மாற்றத்துக்கு மறுபக்கமும் உண்டு. தோட்டத்தின் எல்லையில் புதிய குடியிருப்பு எழுந்தபோது, மூடப்படும் நிலையிலிருந்த சில பள்ளிகளுக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். லயத்துப் பிள்ளைகளுக்காகக் கட்டிய நான்கைந்து அறைகளில், வீடமைப்புப் பகுதிப் பிள்ளைகளும் அமர வேண்டியதாயிற்று. இட நெருக்கடி இங்குதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பள்ளியை எண்ணிப் பார்ப்போம். ஆறு வகுப்பறைகளும் நூற்றுப்பத்துப் பிள்ளைகளும் கொண்டது அது. அருகில் வீடமைப்பு எழுந்தபின் நான்கே ஆண்டுகளில் பிள்ளைகள் இருநூற்று முப்பது பேராகின்றனர். கூட்டம் கூடுகிறது. குடும்பத்துக்கு ஐம்பது வெள்ளி எனத் தண்டல் செய்ய முடிவாகிறது. விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று நிரை முடித்துத் திரும்பும் தாய்மாரும் தந்தையரும் மறுப்பின்றிக் கொடுக்கின்றனர். அப்பொழுது ஒருவர் முன்வந்து, "என்னிடம் பழைய கபின் ஒன்று இருக்கிறது. ஒரே வாரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளுக்கு அனுமதி எதற்கு? இது தற்காலிகம்தானே!" என்கிறார்.

இவ்வாறு கூறுவோரைப் பல இடங்களில் காணலாம். இவர் கூறுவது சரியா என்பதைச் சட்டத்தைக் கொண்டே பார்ப்போம்.

'தற்காலிகம்' என்ற சொல் விலக்குத் தருமா?

தீபகற்ப மலேசியாவில் நிலத்தின் பயன்பாட்டையும் கட்டட எழுச்சியையும் ஒழுங்குபடுத்துவது 1976 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டமாகும். இது 172 ஆம் சட்டம் என்று வழங்கப்படும். கோலாலம்பூருக்கு மட்டும் 1982 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று உண்டு. 172 ஆம் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, திட்ட அனுமதி பெறாமல் எவரும் எந்த மேம்பாட்டையும் தொடங்கலாகாது என்று விதிக்கிறது. இவ்வனுமதியே மலாயில் 'கெபெனாரான் மெரஞ்சாங்' எனப்படுகிறது.

மேம்பாடு என்பது மாடிக் கட்டடம் கட்டுவது மட்டுமன்று. நிலத்தின் மீது கட்டட வேலை செய்வதும், நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் மேம்பாடேயாகும். கட்டடம் என்ற சொல்லுக்கும் சட்டம் விரிந்த பொருள் தருகிறது. வீடு மட்டுமல்லாமல் குடிசை, கொட்டகை, கூரையிட்ட அடைப்பு ஆகியனவும் அதனுள் அடங்கும். ஆகவே கபினாயினும் தகரக் கொட்டகையாயினும், பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் கூரையிட்ட இடம் கட்டடம் அன்று என்று வாதிடுவது எளிதன்று.

சில செயல்களுக்குச் சட்டம் விலக்களிக்கிறது என்பது உண்மையே. கட்டடத்தின் வெளித்தோற்றம், பரப்பு, பயன்பாடு ஆகியன மாறாமல் உட்புறத்தில் மட்டும் செய்யும் வேலைக்குத் திட்ட அனுமதி வேண்டுவதில்லை. தற்காலிகக் கண்காட்சி, கேளிக்கை, சமய அல்லது சமூகச் சடங்கு ஆகியவற்றுக்காக ஒரு மாதத்துக்கு மேற்படாமல் நிலத்தைப் பயன்படுத்துவதற்கும் விலக்கு உண்டு. திட்ட அனுமதி பெற்ற கட்டட வேலையில் ஈடுபட்டுள்ள தொழிலாளர் தங்குவதற்கு அவ்விடத்திலேயே அமைக்கும் தற்காலிகக் குடில்களுக்கும் விலக்கு உண்டு.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போடும் பந்தலுக்குச் சட்டம் இடந்தருகிறது. திருவிழா முடிந்ததும் பந்தல் பிரிக்கப்பட்டுவிடும். ஆனால் தற்காலிக வகுப்பறை அவ்விலக்குப் பட்டியலில் இல்லை. பந்தலில் ஒரு நாள் அமர்வது வேறு. வகுப்பறையில் ஆண்டு முழுவதும், நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அமர்வது வேறு. எனவே தற்காலிகம் என்பது அக்கட்டடம் எத்தனை காலம் நிற்கும் என்பதைக் குறிக்கும் சொல்லேயன்றி, அனுமதி வேண்டாம் என்பதைக் குறிக்கும் சொல் அன்று.

கடக்க வேண்டிய நான்கு வாயில்கள்

முதலாவது வாயில் நிலம். பள்ளி நிற்கும் நிலம் யாருக்குரியது? சில பள்ளிகள் அரசாங்க நிலத்தில் உள்ளன. வேறு பல, தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் இன்றும் உள்ளன. நில உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. நிர்வாகியின் வாய்ச்சொல் நல்லதே. ஆயினும் நிர்வாகி மாறுவார், நிறுவனமும் கைமாறும். கடிதமே நிலைக்கும்.

நிலப்பட்டாவில் குறிக்கப்பட்ட பயன்பாட்டையும் பார்க்க வேண்டும். தோட்ட நிலம் பெரும்பாலும் விவசாய நிலமாகவே பதிவு பெற்றிருக்கும். தேசிய நிலச் சட்டத்தின் 115 ஆம் பிரிவு, விவசாய நிலத்தில் எழுப்பத்தக்க கட்டடங்களுள், அந்நிலத்தில் முறைப்படி வாழ்வோரின் கல்வி, மருத்துவ, நல்வாழ்வு வசதிகளுக்கானவற்றையும் சேர்த்துள்ளது. தோட்டப் பள்ளிகள் விவசாய நிலத்தில் நிற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வரத் தொடங்கும்போது, இப்பிரிவு மட்டும் போதுமா என்ற ஐயம் எழக்கூடும். நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனையை மாற்ற 124 ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வழியுண்டு. அது தேவையா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் முதலிலேயே கேட்டறிவது நன்று.

இரண்டாவது வாயில் திட்ட அனுமதி. இது நகராண்மைக் கழகத்திடம் அல்லது மாவட்ட மன்றத்திடம் பெறவேண்டியது. விண்ணப்பங்களைப் பெற்று உரிய இலாகாக்களுக்கு அனுப்பும் ஒரேமுக மையங்கள் 2007 முதல் உள்ளூர் மன்றங்களில் இயங்கிவருகின்றன. கட்டடம் எங்கே நிற்கும், வழி எது, நீர் எங்கே வடியும், அருகில் சரிவோ ஆறோ மின்கம்பித் தடமோ உள்ளதா, காலையில் பிள்ளைகளை இறக்கும் வண்டிகள் எங்கே திரும்பும் என்பன போன்றவை இங்கு ஆராயப்படும். உள்ளூர்த் திட்டம் இன்னும் நடைமுறைக்கு வராத பகுதியாயின், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புத் தரப்படும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

மூன்றாவது வாயில் கட்டட அனுமதி. 1974 ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும், 1984 ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட உபவிதிகளும் இதற்குரியவை. திட்ட அனுமதி 'இவ்விடத்தில் இது இருக்கலாமா?' என்று கேட்கிறது. கட்டட அனுமதியோ 'இதனுள் பிள்ளைகள் நலமாக இருக்க முடியுமா?' என்று கேட்கிறது. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்றைப் பெற்றதாகாது.

ஓர் உதாரணம் காண்போம். வகுப்பறையின் சாளரங்களின் மொத்தப் பரப்பு, தரைப் பரப்பில் 20 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், காற்றுத் தடையின்றி நுழையும் திறப்பு 10 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும் உபவிதி கூறுகிறது. 9 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள அறையின் தரைப் பரப்பு 63 சதுர மீட்டர். அதற்குச் சாளரம் 12.6 சதுர மீட்டரும், திறப்பு 6.3 சதுர மீட்டரும் வேண்டும். பொருள் வைப்பதற்கென்று செய்த இரும்புக் கபினில் இரண்டு சிறு சாளரங்களை வெட்டிவிட்டு அதை வகுப்பறை என்று சொல்வது இக்கணக்கில் தேறாது. நண்பகல் வெயிலில் தகரக் கூரையின் கீழ் நின்று பார்த்தவர்க்கு இவ்விதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தீயணைப்பு மீட்புத் துறையின் கருத்தும் இக்கட்டத்தில் பெறப்படும். வேலை முடிந்தபின், கட்டடம் விதிப்படி அமைந்துள்ளது என்னும் நிறைவுச் சான்றிதழ் வேண்டும். இச்சான்றிதழை 2007 முதல், வரைபடம் சமர்ப்பித்த தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளரே பொறுப்பேற்று வழங்குகிறார். ஆகவே தொடக்கத்திலேயே அத்தகைய ஒருவரை நாடுவது அவசியம்.

நான்காவது வாயில் கல்வி இலாகா. பள்ளியில் என்ன கட்டுவதாயினும், யார் பணத்தில் கட்டுவதாயினும், தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும். மாணவர் தொகைக் கணக்கு அவர்களிடம் சென்று சேர்ந்தால்தான், கூடுதல் ஆசிரியரும் மேசை நாற்காலியும் நிலையான கட்டடத்துக்கான ஒதுக்கீடும் பற்றிப் பேச இடமுண்டு. சொல்லாமல் கட்டிய வகுப்பறை, பள்ளியின் தேவையை மறைத்துவிடும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அனுமதியின்றி எழுப்பினால்

திட்ட அனுமதியின்றி மேம்பாடு செய்வோருக்கு 172 ஆம் சட்டத்தின்படி ஐந்து இலட்சம் வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலையை நிறுத்துமாறும், எழுப்பியதை அகற்றுமாறும் ஆணையிட மன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தண்டனை ஒருபுறமிருக்க, இழப்பு யாருடையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னர்க் கூறிய பள்ளியில் திரட்டிய பணம், மழை நாளில் வெட்டில்லாமல் வருமானம் குறைந்த குடும்பங்கள் கொடுத்த பணமாகும். கபினை அகற்றும்படி ஆணை வந்தால் அப்பணம் திரும்பாது. அதைவிடக் கொடியது, மறுநாள் காலையில் புத்தகப் பையோடு வரும் பிள்ளைகள் மீண்டும் சிற்றுண்டிச்சாலைத் தட்டிக்குப் பின்னால் சென்று அமர்வதாகும்.

பணத்தைவிடப் பெரியது உயிர். 2017 செப்டம்பர் 14 ஆம் நாள் விடியற்காலையில், கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளியின் தங்குமிடத்தில் எரிந்த தீயில் 23 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். அத்தீயை மூட்டியது வேறு கைகளாயினும், திறக்க முடியாத இரும்புக் கம்பிச் சாளரங்கள் அவர்கள் தப்பும் வழியை அடைத்திருந்தன. வகுப்பறை வரைபடத்தில் 'இரண்டாவது வாயில் எங்கே?' என்று ஓர் அதிகாரி கேட்கும்போது அதைத் தடங்கலாகக் கருதுவோர், இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ள வேண்டும்.

அனுமதி வரும்வரை பிள்ளைகள் எங்கே அமர்வார்கள்?

பெற்றோர் கேட்கும் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. விண்ணப்பம் பல மேசைகளைக் கடந்து வர மாதங்கள் ஆகலாம். பள்ளித் தவணையோ காத்திருக்காது. இடைக்காலத்துக்குச் சில வழிகள் உள.

இருக்கும் கட்டடத்தின் உட்புறத்தை, வெளிப்பரப்பும் பயன்பாடும் மாறாமல் திருத்தி அமைக்கலாம். பெரிய அறை ஒன்றை இரண்டாகத் தடுப்பது இவ்வகையைச் சேரும். ஆயினும் தடுப்புக்குப் பின் ஒவ்வொரு பகுதிக்கும் சாளரமும் தனி வாயிலும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கல்வி இலாகாவின் இசைவோடு, காலை மாலை என இரு வேளைகளில் பள்ளி நடத்தலாம். இது வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்கு இடர் தரும் என்பது உண்மை. ஆனால் கட்டடம் கேட்காத வழி இதுவே. தோட்டத்துப் பொது மண்டபத்தையோ ஆலய மண்டபத்தையோ பயன்படுத்த எண்ணினால், அதுவும் பயன்பாட்டு மாற்றமாகக் கருதப்படலாம் என்பதால் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நிலைமையை எழுத்தில் விளக்கி, விண்ணப்பத்தை விரைந்து ஆராயுமாறு மன்றத்தையும் கல்வி இலாகாவையும் வேண்டிக்கொள்வதில் தவறேதுமில்லை.

செய்யவேண்டியவை வரிசையாக

1. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் தலைமையாசிரியரோடு கூடிப் பேசி, கடந்த சில ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையையும், வரும் ஆண்டுக்குப் பதிந்துள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொள்க.

2. நிலப்பட்டாவின் நகலைப் பெற்று, உரிமையாளர் யார், பயன்பாட்டு நிபந்தனை யாது என்று அறிக. உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வாங்குக.

3. கல்வி அலுவலகத்துக்கு எழுதி ஒப்புதல் கோருக. கட்டடத்தை இலாகாவே அமைப்பதாயின், அதன் நடைமுறை வேறு. அதனைக் கேட்டறிந்து அவ்வழியே செல்க.

4. தகுதிபெற்ற கட்டடக் கலைஞரையோ பொறியாளரையோ அமர்த்துக. விண்ணப்பத்துக்கு முன், அவரோடு மன்ற அலுவலகம் சென்று ஆலோசனை பெறுக.

5. கபின் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முன்பணம் கொடுப்பதை, அனுமதி கைக்கு வரும்வரை ஒத்திவைக்க. திரட்டிய பணத்தை வங்கிக் கணக்கில் இட்டுப் பற்றுச்சீட்டுகளைக் காத்து வைக்க.

6. அனுமதியில் எழுதப்பட்ட நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படிக்க. மலாயில் உள்ளதை அறியாதார் ஆசிரியர் உதவியுடன் அறிக. திட்ட அனுமதி பெற்று 12 மாதங்களுக்குள் வேலை தொடங்காவிடில், நீட்டிப்புப் பெற்றாலன்றி அது காலாவதியாகிவிடும்.

7. மறுப்பு வந்தால் மனந்தளர வேண்டா. காரணத்தைக் கேட்டறிந்து வரைபடத்தைத் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்தை நாடவும் சட்டம் இடந்தருகிறது.

எத்தனை காலம் தற்காலிகம்?

இறுதியாக ஒன்று கூற வேண்டும். அனுமதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அளித்து, அக்காலம் முடிந்தபின் பயன்பாட்டை நிறுத்துமாறு நிபந்தனை விதிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிலர் இதைக் கெடுபிடியாகக் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. காலவரை இருப்பதே பள்ளிக்குத் துணை. அந்நாள் நெருங்கும்போது, 'நிலையான கட்டடம் எங்கே?' என்று கேட்க அது நமக்கு ஒரு பிடியாகிறது.

பையில் வளர்த்த ரப்பர்க் கன்றை நாம் அறிவோம். பை அதற்குத் தொடக்க காலத்து வீடு. உரிய பருவத்தில் நிலத்தில் நடாவிட்டால் வேர் பைக்குள்ளேயே சுருண்டுவிடும். பின்னர் நட்டாலும் அம்மரம் காற்றுக்கு நில்லாது. நட்ட கன்று வெட்டுக்கு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளியை முடிப்பதற்கும் அதே ஆறு ஆண்டுகள்தாம். தற்காலிகம் என்று இறக்கிய கபின் ஆறாண்டுகள் அங்கேயே நின்றுவிட்டால், முதலாம் ஆண்டில் அதனுள் நுழைந்த பிள்ளைக்கு அது தற்காலிகம் அன்று. அவனது தொடக்கப்பள்ளி முழுவதும் அதுவே.

ஆகவே தற்காலிக வகுப்பறைக்கு விண்ணப்பிக்கும் அதே நாளில், நிலையான கட்டடத்துக்கான வேண்டுகோளையும் எழுதி அனுப்புவோமாக. பிள்ளைகளுக்காகச் சேர்த்த ஒவ்வொரு வெள்ளியும் அவர்களுக்கே பயன்பட வேண்டுமாயின், முறைப்படி நடப்பதே அதற்கு ஏற்ற வழியாகும்.

கலந்துரையாடலுக்கு

நம் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது? கடந்த ஐந்தாண்டுகளில் மாணவர் தொகை எவ்வாறு மாறியுள்ளது? ஒவ்வொரு வகுப்பறைக்கும் வெளியேறும் வழிகள் எத்தனை? இம்மூன்று கேள்விகளையும் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுப்பி விடை காண்க.